எல்லாருமா, சிலரா?

‘பேஷண்ட்ஸ், ஹூ ஹேட் டயபடீஸ், வேர் எக்ஸ்க்ளூடட்.’

மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால், காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு காப்பி எடிட்டர் அடுத்த வரிக்குப் போகமாட்டார். எழுதிய டாக்டர் சொல்ல வந்தது இது: நோயாளிகளில் சர்க்கரை நோய் இருந்தவர்களை மட்டும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டோம். எழுத்தில் வந்து விழுந்திருப்பது வேறு: நோயாளிகள் அத்தனை பேருக்கும் சர்க்கரை நோய் இருந்தது, அத்தனை பேரையும் நீக்கிவிட்டோம். அப்படியானால் ஆய்வில் நோயாளி என்று ஒருவர்கூட மிஞ்சவில்லை. இரண்டு கமாவையும் எடுத்துவிட்டால் வாக்கியம் டாக்டர் நினைத்த பொருளுக்கு வந்துவிடும். சொற்களில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

காப்பி எடிட்டிங் என்பது வெளியே அதிகம் தெரியாத தொழில். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அச்சாகும் அறிவியல் இதழ்கள், பாடநூல்கள், சட்ட நூல்கள் ஆகியவற்றில் பெரும் பகுதி அச்சுக்குப் போகுமுன் சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள டைப்செட்டிங் நிறுவனங்கள் வழியாக வருகிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் அங்கே உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத பேராசிரியர்களின் வாக்கியங்களை ஒழுங்கு செய்கிறார்கள். இவரும் அப்படித்தான் தொடங்கினார். காஞ்சிபுரத்திலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய்வந்த காலம் முடிந்து, இப்போது கோப்புகள் ஏனாத்தூருக்கே வருகின்றன. பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் உள்ள ஊர் என்பதால், வெளிநாட்டு இதழ்களுக்கான வேலை போக, ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவர்களும் உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கருத்தில் கை வைக்கக் கூடாது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், இதழின் ஸ்டைல் ஷீட் சொல்கிறபடி தலைப்பெழுத்தை மாற்றலாம். பொருள் மாறும் இடமென்றால் ஓரத்தில் ‘ஆத்தர் கொயரி’ போட்டு, எழுதியவரையே கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் கேட்காமலே தெரிந்துவிடும். கட்டுரையின் அட்டவணையில் மிச்சமுள்ள நோயாளிகளின் எண்ணிக்கை இருக்கும். தெரியாத இடங்கள்தான் அதிகம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: “அக்கா, கிராமர்ல தப்பே இல்லையே. இதுக்கு எதுக்குக் கொயரி?”

“தப்பு இல்லைங்கிறதுதாம்மா பிரச்சினை. கமா இருந்தாலும் சரியான இங்கிலீஷ், இல்லாட்டியும் சரியான இங்கிலீஷ். ரெண்டுக்கும் அர்த்தம் வேற. அவரு எதை நெனச்சாருன்னு அவரைத்தானே கேக்கணும்?”

நம் பள்ளிகளில் கமாவை மூச்சாகத்தான் சொல்லித் தருகிறார்கள். காற்புள்ளி வந்தால் ஒரு மாத்திரை நிறுத்து, முற்றுப்புள்ளி வந்தால் நீளமாக நிறுத்து. உரக்க வாசிப்பதற்கு இது நல்ல பாடம். இதன் வேர் வெகு தூரம் போகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோபனீஸ், இடைவெளியே இல்லாமல் எழுதப்பட்ட கிரேக்கச் சுவடிகளை உரக்க வாசிப்பவர்களுக்காக மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை வகுத்தார். சிறிய நிறுத்தத்துக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, முழு நிறுத்தத்துக்கு ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸ் இன்று நாம் காணும் வால் வைத்த வடிவத்தை அச்சில் நிலைக்கச் செய்தார். அதன் பிறகு மௌன வாசிப்பு வளர வளர, கமா மூச்சை விட்டு விலகி, எந்தச் சொல் எதோடு சேரும் என்று காட்டும் வேலைக்கு வந்துவிட்டது. நம் வகுப்பறைகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

அதன் விளைவு ஒவ்வொரு நாளும் அவர் மேசைக்கு வருகிறது. ‘த வீவர்ஸ் ஹூ கேம் ஃப்ரம் பிள்ளையார்பாளையம், ஆர் வெயிட்டிங்’ என்று எழுதுவார்கள். எழுவாய் நீளமாக இருக்கிறது, வாசித்தால் மூச்சு வாங்குகிறது, அங்கே ஒரு கமா. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக் கூடாது. இதனால் பொருள் பெரிதாகக் கெடுவதில்லை. கண்ணில் உறுத்தும், எடுத்துவிடலாம். இந்த வகைப் பிழையைப் பற்றி அவர் அலட்டிக்கொள்வதில்லை.

அவருக்கு உண்மையில் கோபம் வருவது பாட்டி வாக்கியத்தைக் கண்டால்தான். ‘லெட்ஸ் ஈட், கிராண்ட்மா’ என்றால் பாட்டியைச் சாப்பிடக் கூப்பிடுவது, கமா போனால் பாட்டியையே சாப்பிடுவது. கமா பாடத்துக்கு உலகமெங்கும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். இந்த உதாரணம் மாணவர்களைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. பாட்டியை யாரும் சாப்பிடப் போவதில்லை. கமா இல்லாவிட்டாலும் படிப்பவர் சரியாகவே புரிந்துகொள்வார். ஆக, கமா என்பது சிரிப்பதற்கு மட்டும் உதவும் விஷயம் என்று பையன் முடிவு செய்துவிடுகிறான். பயப்பட வேண்டிய வாக்கியம் சிரிப்பு வராத வாக்கியம். அதில் இரண்டு பொருளும் நடக்கக் கூடியதாக இருக்கும். படிப்பவர் தனக்குத் தோன்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னொன்று இருப்பதே தெரியாமல் போய்விடுவார்.

காஞ்சிபுரத்துப் பட்டிலேயே இதற்கு உதாரணம் கிடைக்கும். கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். நூலின் எடையில் அது ஏறத்தாழ கால் பங்கு. சாயம் போடுமுன் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அந்தப் பசையை நீக்குவார்கள். ஜவுளித் தொழில்நுட்ப ஆய்வேடு ஒன்றில் இதை ‘பிஃபோர் டையிங் சில்க் இஸ் டீகம்ட்’ என்று எழுதினால், படிப்பவர் கண் ‘பட்டுக்குச் சாயம் போடுமுன்’ என்று சேர்த்துப் படித்துவிட்டு, எழுவாயைத் தேடித் திரும்பி வரும். ‘டையிங்’ என்பதற்குப் பின் ஒரு கமா வைத்தால் போதும். சாயம் போடுமுன் ஒன்று நடக்கிறது, அது பட்டுக்கு நடக்கிறது என்று பிரிந்துவிடும்.

அது சிறிய தடுமாற்றம்தான். பணம் போகும் இடம் வேறு. ஏற்றுமதி ஆர்டர் ஒன்றில் ‘சில்க் சாரீஸ், ஸ்டோல்ஸ் அண்ட் தோத்தீஸ் வித் ப்யூர் ஜரி பார்டர்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அசல் ஜரிக் கரை மூன்றுக்குமா, வேட்டிக்கு மட்டுமா? ‘சில்க்’ என்ற சொல் சேலையோடு நிற்கிறதா, ஸ்டோலுக்கும் வேட்டிக்கும் போகிறதா? வெள்ளியும் தங்கமும் சேர்ந்த ஜரிக்கும் சாதா ஜரிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வாங்குபவர் ஒன்றை நினைத்துக் கையெழுத்திடுவார், நெய்பவர் இன்னொன்றை நினைத்துப் பாவு ஓட்டுவார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. ஆர்டர் கடிதத்தின் வாக்கியத்துக்குப் பாதுகாப்பு எழுதுபவர் கையில்தான் இருக்கிறது.

கமா விஷயத்தை அற்பம் என்று சொல்பவர்களிடம் அவர் எடுத்து வைப்பது ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை. முகமது ஷபீர் எதிர் மகாராஷ்டிர அரசு, 1979. மருந்து மற்றும் அழகு சாதனப் பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அப்போது யாரைத் தண்டிக்கச் சொன்னது என்றால், ‘மேனுஃபேக்சர்ஸ் ஃபார் சேல், செல்ஸ், ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல் ஆர் டிஸ்ட்ரிப்யூட்ஸ்’ என்று வரும் செயல்களைச் செய்தவரை. விற்பனைக்குத் தயாரித்தல் ஒன்று, கமா. விற்றல் ஒன்று, கமா. அதன் பிறகு ‘ஸ்டாக்ஸ்’ வருகிறது, கமா இல்லை. மருந்தை வைத்திருந்தாலே குற்றமா, விற்பதற்காக வைத்திருந்தால்தான் குற்றமா என்பது கேள்வி. ‘ஸ்டாக்ஸ்’ என்பதற்குப் பின் கமா இருந்திருந்தால் இருப்பு வைத்தல் தனிக் குற்றமாக நின்றிருக்கும். அங்கே கமா இல்லாததால், விற்பனைக்காக இருப்பு வைப்பதும் விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும் பிரிக்க முடியாத ஒரே தொடர் என்று நீதிமன்றம் சொன்னது. ‘ஃபார் சேல்’ இரண்டுக்கும் பொது. வெறுமனே கையில் வைத்திருந்தது அந்தப் பிரிவின்படி குற்றமாகாது. ஒரு மனிதனின் சிறைத் தண்டனையைப் பற்றிய கேள்வியில், இல்லாத ஒரு கமா சாட்சியாக நின்றது. 1982-இல் நாடாளுமன்றம் இந்தப் பிரிவையே மாற்றி எழுதியபோது, செயல்களுக்கு இடையே கமாவை மட்டும் நம்பாமல் ‘ஆர்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டது.

இதற்கு நேரெதிராக, இருந்த கமா பேசிய வழக்கும் உண்டு. அரசாங்க ரகசியச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ‘எனி சீக்ரெட் அஃபிஷியல் கோட் ஆர் பாஸ்வேர்டு’ என்று வந்து, ஒரு கமா விழுந்து, பிறகு ‘ஆர் எனி ஸ்கெட்ச், பிளான், மாடல்’ என்று தொடரும். வரைபடமும் ரகசியமானதாக இருந்தால்தான் குற்றமா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கின் தீர்ப்பில். ‘சீக்ரெட்’ என்ற அடை குறியீட்டையும் கடவுச்சொல்லையும் மட்டுமே தழுவும். ‘பாஸ்வேர்டு’ என்பதற்குப் பின் வரும் கமாவும் ‘ஆர்’ என்ற சொல்லும் அதைக் காட்டுகின்றன என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

நீதிமன்றங்கள் எப்போதும் இப்படிக் கமாவுக்குக் காது கொடுத்ததில்லை. பழைய ஆங்கிலேயச் சட்டச் சுருள்களில் நிறுத்தற்குறி ஒழுங்காக இருக்காது. எழுத்தர் போட்டதா, அச்சகர் போட்டதா என்றும் தெரியாது. அதனால் அங்கே நீதிபதிகள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. 1952-இல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் நீதிபதி பி.கே. முகர்ஜியாவும் சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தற்குறி ஒரு சிறிய அம்சம்தான் என்ற பொருள்பட எழுதினார். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 1916-இல் லண்டனில் அயர்லாந்துப் போராளி ரோஜர் கேஸ்மென்ட் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. 1351-ஆம் ஆண்டின் நார்மன் பிரெஞ்சுச் சட்டத்தில் ‘அல்லது வேறு இடத்தில்’ என்ற தொடர் எதோடு சேரும் என்பதில்தான் அவர் உயிர் இருந்தது. அவர் செயல்பட்டது ஜெர்மனியில். மூலச் சுருளில் குறி இருக்கிறதா என்று நீதிபதிகள் ஆவணக் காப்பகத்துக்கே போய்ப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். கமாவால் தூக்கில் போனவர் என்று சரித்திரம் அவரைச் சொல்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பால் வண்டி ஓட்டுநர்களின் வழக்கை நம் காப்பி எடிட்டர் அடிக்கடி பயிற்சிக்கு எடுப்பார். அந்த மாநிலச் சட்டப்படி உணவுப் பொருள் தொடர்பான சில வேலைகளுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது. பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சந்தைப்படுத்துதல், சேமித்தல் என்று போகும் பட்டியலின் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று இருந்தது. ‘ஷிப்மென்ட்’ என்பதற்குப் பின் கமா இல்லை. விநியோகம் என்பது பட்டியலில் தனி வேலை, எனவே ஓட்டுநர்களுக்குக் கூடுதல் சம்பளம் இல்லை என்றது ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனம். பட்டியலில் இருப்பது பொட்டலம் கட்டும் வேலை மட்டும்தான், அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுவது. நாங்கள் பொட்டலம் கட்டுவதில்லை, வண்டி ஓட்டுகிறோம் என்றார்கள் ஓட்டுநர்கள். மற்ற வேலைகள் எல்லாம் ‘இங்’ விகுதியோடு வர, ‘டிஸ்ட்ரிப்யூஷன்’ மட்டும் ‘ஷிப்மென்ட்’ என்பதோடு ஜோடி சேர்ந்து நிற்கிறது என்பதும் அவர்களுக்குச் சாதகமான வாதம். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் ஐயத்துக்கு இடமானது என்றும், ஐயம் வந்தால் தொழிலாளி பக்கம்தான் சாய வேண்டும் என்றும் தீர்த்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மாநிலச் சட்டமன்றம் பட்டியலைத் திருத்தி, ஒவ்வொரு வேலைக்கும் நடுவே அரைப்புள்ளி போட்டது. ‘டிஸ்ட்ரிப்யூஷன்’ என்பதை ‘டிஸ்ட்ரிப்யூட்டிங்’ ஆக்கியது.

இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிப் பாருங்கள் என்பார் அவர். ‘அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொட்டலம் கட்டுதல்’ என்று எழுதலாம். ‘அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல் அல்லது விநியோகித்தல்’ என்று எழுதலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வாக்கியம் தமிழில் இல்லை. ஓகாரமும் உம்மும் வேற்றுமை உருபும் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, இது இதனோடுதான் என்று சொல்லிவிடுகின்றன. இதுதான் அவர் தொழிலில் கண்டடைந்த முறை. சந்தேகமான ஆங்கிலப் பட்டியலைக் கண்டால் மனதுக்குள் தமிழாக்கிப் பார்ப்பார். ஒரே தமிழ் வாக்கியம் வந்தால் கமா சரி. இரண்டு வந்தால் கொயரி. நம்மைப் போன்றவர்களுக்கு ஆங்கில எடிட்டிங்கில் தாய்மொழி தடை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டிருக்கிறார்; அவர் அனுபவத்தில் தமிழ்தான் அந்த வேலைக்கு உரைகல்.

ஒரு மொழியின் குழப்பத்தை இன்னொரு மொழியால் தீர்ப்பது கனடாவில் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தே இருக்கிறது. மின்கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றி ரோஜர்ஸ் நிறுவனத்துக்கும் அலையன்ட் நிறுவனத்துக்கும் இருந்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து விலகும் உரிமை முதல் ஐந்தாண்டுக்குள்ளும் உண்டா, புதுப்பித்த பிறகுதானா என்பது ஒரு கமாவில் தொங்கியது. 2006-இல் தொலைத்தொடர்பு ஆணையம் கமாவை வைத்து அலையன்ட் பக்கம் தீர்த்தது. அதே வாசகத்தின் பிரெஞ்சு வடிவத்தில் அந்தக் குழப்பம் இல்லை என்று ரோஜர்ஸ் காட்ட, மறு ஆண்டு முடிவு மாறியது. இந்தியாவில் நமக்கு அந்த வழி எளிதாகத் திறக்காது. அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, சட்டங்களின் ஆங்கில வாசகத்துக்கே அதிகாரத்தைக் கொடுக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சச்சரவு என்று வந்தால் ஆங்கிலக் கமாதான் பேசும். அந்தக் கமாவை அறிந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய வேண்டும் என்று அவர் சொல்வது இதனால்தான்.

நிறுத்தற்குறியே இல்லாமல் சொல்லோடு சொல்லைச் சேர்க்கும் கலை நமக்குப் புதிதும் அல்ல. ஓலைச்சுவடியில் கமா கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். எந்தச் சொல் எதோடு போகும் என்பதைப் படிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எட்டு வகைப் பொருள்கோளை வகுத்தார். பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய செயல்களை இன்னொரு வரிசையிலும் அடுக்கினால் நிரல்நிறை. நடுவில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் போய்ப் பொருந்தினால் தாப்பிசை. சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டிய இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்தால் கொண்டுகூட்டு. ‘ஃபார் சேல்’ எதோடு சேரும் என்று உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது அப்பட்டமாகப் பொருள்கோள் ஆராய்ச்சி. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் என்பது மரபு வழிச் செய்தி. குறளின் ஒவ்வொரு சொல்லையும் எதோடு கூட்டுவது என்று காரணம் சொல்லி நிறுவியவர் அவர். தமிழ் அச்சேறிய பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் நிறுத்தற்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு அவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் தமிழ் என்ற உரைகல் எல்லா இடத்திலும் உதவாது. பட்டியலில் தெளிவாக இருக்கும் தமிழ், ‘ஹூ’, ‘விச்’ வாக்கியங்களில் நம்மைக் கைவிடும். ‘சர்க்கரை நோயுள்ள நோயாளிகள் நீக்கப்பட்டார்கள்’ என்று தமிழில் சொன்னால், நோயுள்ள சிலரா, நோயாளிகள் எல்லாருக்குமே நோயா என்பது பெயரெச்சத்தில் தெரியாது. இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் அந்த வேறுபாட்டைக் கமாவில் வைத்திருக்கிறது. நம் காது அதற்குப் பழகவில்லை. தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் பொருள் கெடுக்கும் பிழைகள் இங்கேதான் குவிகின்றன. இங்கே அவர் மொழிபெயர்ப்பதில்லை, ஒரே கேள்வியைக் கேட்பார்: எல்லாருமா, சிலரா? எல்லாரும் என்றால் கமா உண்டு. சிலர் என்றால் கிடையாது.

முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர் ஆய்வேட்டோடு வந்தபோது, ‘த நர்ஸஸ், ஹூ வேர் ட்ரெயின்ட் இன் சி.பி.ஆர்., அட்டெண்டட் த கால்ஸ்’ என்ற வாக்கியத்தைக் காட்டி அதையே கேட்டார்.

“வார்டுல இருந்த நர்ஸ் எல்லாருமே ட்ரெயினிங் எடுத்தவங்களாம்மா?”

“இல்ல மேடம், பாதிப் பேருதான். அவங்கதான் கால்ஸ் பார்த்தாங்க.”

“அப்போ இந்த ரெண்டு கமாவும் வேண்டாம். இது இருந்தா, எல்லாரும் ட்ரெயினிங் எடுத்தவங்கன்னு ஆயிடும். பயிற்சி எடுத்தவங்களையும் எடுக்காதவங்களையும் ஒப்பிடுறதுதானே உங்க ஆய்வே?”

அந்த மாணவி ஆய்வேட்டைத் திரும்ப எடுத்துப்போய், ‘ஹூ’ வருகிற ஒவ்வொரு இடத்தையும் தானே பார்த்துக்கொண்டு வந்தார். விதி ஒன்றையும் மனப்பாடம் செய்யவில்லை.

பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன் வரும் கமாவைப் பற்றி, ஆக்ஸ்ஃபர்டு கமா என்று பெயர் பெற்ற அதைப் பற்றி, உலகில் நிறையச் சண்டை நடக்கிறது. ஆக்ஸ்ஃபர்டு அச்சகமும் சிகாகோ கையேடும் வேண்டும் என்கின்றன, அமெரிக்கச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் தேவையில்லை என்கின்றன. அவருக்கு இதில் பிடிவாதம் கிடையாது. இதழ் என்ன சொல்கிறதோ அதைச் செய்வார். ஆனால் அது எல்லாக் குழப்பத்தையும் தீர்க்கும் என்று நம்புவதில்லை. நன்றியுரையில் ‘ஐ தேங்க் மை கைட்ஸ், த டீன் அண்ட் த லைப்ரேரியன்’ என்று எழுதினால், டீனும் நூலகரும்தான் வழிகாட்டிகள் என்று ஆகக்கூடும். கடைசிக் கமா வந்தால் தீரும். ‘மை கைட், த டீன், அண்ட் த லைப்ரேரியன்’ என்று ஒருமையில் எழுதினாலோ, அந்தக் கமாவே டீனை வழிகாட்டி ஆக்கிவிடலாம். வரிசையை மாற்றி எழுதுவதுதான் வழி. தமிழில் ‘வழிகாட்டிக்கும் டீனுக்கும் நூலகருக்கும்’ என்று உம்மை போட்டால் மூவரும் தனித்தனியே நிற்பார்கள்.

எண்களில் வரும் கமா இன்னும் ஆபத்தானது, சொற்களைப் போலச் சூழல் அங்கே காப்பாற்றாது. நாம் 12,50,000 என்று எழுதுவதை வெளிநாட்டு இதழுக்கு 1,250,000 ஆக்க வேண்டும், அது எளிது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமத்துக்கே கமாதான். அங்கிருந்து வரும் அட்டவணையில் 2,500 மில்லிகிராம் என்று இருந்தால், அது இரண்டாயிரத்து ஐந்நூறா, இரண்டரையா? மருந்தளவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். 2003-இல் எடை, அளவைகளுக்கான சர்வதேச மாநாடு, தசமக் குறியாகப் புள்ளியோ கமாவோ இருக்கலாம், ஆனால் இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரிக்க இரண்டையும் பயன்படுத்தக் கூடாது, இடைவெளி விட்டால் போதும் என்று தீர்மானித்தது. எல்லாரும் பின்பற்றுவதில்லை. எனவே அவர் அட்டவணையின் மற்ற எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், அதிலும் தீராவிட்டால் கேட்டுவிடுவார்.

இப்போது கமாவைத் தானாகவே போடும் மென்பொருள்கள் வந்துவிட்டன. எழுவாய்க்குப் பின் வரும் வேண்டாத கமாவை அவை நன்றாகப் பிடிக்கின்றன. அந்தச் சலிப்பான வேலை குறைந்ததில் அவருக்கு மகிழ்ச்சியே. ஆனால் நர்ஸுகளில் எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள் என்பது வார்டில் இருந்தவருக்குத்தான் தெரியும். அது தெரியாமல் மென்பொருள் ‘ஹூ’ என்பதற்கு முன்னால் ஒரு கமாவைப் பரிந்துரைக்கும், எழுதியவர் பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்வார், ஆய்வின் பொருள் மாறிவிடும். சமீபமாக இப்படி மாறி வரும் கோப்புகள் கூடிக்கொண்டே போகின்றன.

ஆங்கில ஆசிரியர்களிடம் அவர் கேட்பது அதிகமில்லை. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் வாலாஜாபாத் இஸ் எ டாக்டர்’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் கமாவோடு ஒருமுறையும் கமா இல்லாமல் ஒருமுறையும் எழுதி, இவருக்கு எத்தனை சகோதரர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். கமா இருந்தால் ஒருவர்தான், இல்லையென்றால் ஒருவருக்கு மேல். எட்டாம் வகுப்புப் பிள்ளை அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். மூச்சுப் பாடம் வாசிப்பு வகுப்பில் இருக்கட்டும். எழுத்து வகுப்பில் இந்தக் கேள்வி வரட்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாடகை ஒப்பந்தமோ காப்பீட்டுப் பத்திரமோ ஏற்றுமதி ஆர்டரோ, ஆங்கிலத்தில் நீளமான ஒரு பட்டியல் வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போடச் சொன்னால், அதிலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எண்ணிட்டு எழுதித் தரக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.